ஊசிமுனை ஓட்டை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவன் நான். முன்பு, காலில் மாட்டும் உறையின் நுனியிலுள்ள ஊசி (pin) செயற்கைக் காலுக்குள் பூட்டிக்கொள்ளும் வகையைப் போட்டிருந்தேன். காலையில் கச்சிதமாக இருக்கும். பொழுது ஏற ஏற எஞ்சிய கால் சுருங்கிவிடும். சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டாலும் ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் இழுபடும். இப்போது வெற்றிட முறை. எஞ்சிய காலில் மாட்டும் சிலிகான் உறைக்கும், அந்தக் கால் நுழையும் கிண்ணமான சாக்கெட்டுக்கும் நடுவிலுள்ள காற்றைச் சிறு பம்ப் உறிஞ்சிவிடுவதால் கால் இறுகப் பிடித்து நிற்கிறது, சுருக்கமும் குறைந்துவிட்டது.

ஆனால், சாக்கெட்டின் விளிம்போடு முழங்காலையும் சேர்த்துக் காற்றுப் புகாமல் மூடும் ஸ்லீவ் என்ற உறையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் பிடி போய்விடும். போன மாதம் படிக்கட்டில் ‘புஸ்’ என்று சத்தம். கைப்பிடியைப் பற்றியதால் தப்பினேன். கால் பொருத்துபவர்கள் இதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும்; மாற்று ஸ்லீவ் ஒன்றையும் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்