பீஸ் ரேட் நோட்டில் இன்னும் இரண்டு கட்டம்

திருப்பூர் பனியன் தொழிலின் சம்பளப் பேச்சுவார்த்தையில் உட்காரும் முதலாளிகள் சங்கத்தாருக்கும் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் வணக்கம்.

நான் 19 வருடமாக ஓவர்லாக் டெய்லர். பாதிக் காலம் ஷிப்ட் ரேட், அதாவது ஷிப்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி; மீதி பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி. ஒப்பந்தம் போடும்போதெல்லாம் எத்தனை சதவீதம் என்பதில்தான் இழுபறி நடக்கிறது. அது முக்கியம்தான். ஆனால் பீஸ் ரேட்காரருக்கு ஓவர்டைம் என்று யாரும் வாயெடுத்து நான் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு கம்பெனியில் தைக்க வேண்டிய வெட்டிய துணி (கட்டிங்) வரவில்லை என்று காலை 11 மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஷிப்மென்ட் அவசரம் என்று ராத்திரி 10 மணி வரை தைத்தோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது கேட்டேன். "பீஸ் ரேட்டுக்கு ஏதுப்பா ஓவர்டைம்? தைச்சதுக்குக் காசு வாங்கிட்டியே" என்றார் மேனேஜர். பக்கத்தில் நின்ற டெய்லர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு உறுத்தியது அந்தத் தலையாட்டல்தான்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59வது பிரிவு, நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி தரச் சொன்னது. பீஸ் ரேட்டுக்குத் தனியாகக் கணக்கும் எழுதி வைத்தது: முந்தைய மாதம் அதே வேலையில், ஓவர்டைம் நீக்கி, முழு நேரத்துக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக என்ன சம்பாதித்தாரோ அதுதான் அவருடைய சாதாரணக் கூலி.

போட்டுப் பார்ப்போம். போன மாதம் 24 நாளில் 16,800 ரூபாய்க்குத் தைத்தவருக்கு நாள் கூலி 700. எட்டு மணி நேரத்தில் வகுத்தால் மணிக்கு 87.50, இரட்டித்தால் 175. இந்த மாதம் தினம் 10 மணி நேரம், வாரம் 6 நாள் உட்கார்ந்தால் 48 போக 12 மணி நேரம் ஓவர்டைம். அதற்கு 2,100 ரூபாய் வரவேண்டும். அதே வேகத்தில் தைத்திருந்தாலும் பீஸ் கணக்கில் கைக்கு வருவது 1,050தான். அதே வேகம் என்பதே பேச்சுக்குச் சொல்வது. ராத்திரி ஒன்பது மணிக்குக் காலை வேகம் யாருக்கு வரும்? கண் எரிகிறது, தையல் விலகுகிறது, செக்கிங்கில் திரும்பிய பீஸைப் பிரித்துத் தைக்கச் சல்லிக்காசு கிடையாது. ஷிப்ட் ரேட்காரருக்கு ஒன்றரை ஷிப்ட்டுக்கு ஒன்றரைக் கூலியாவது குறையாமல் வருகிறது. எங்களுக்கோ உடம்பு சோர்ந்த நேரத்தில் மணிக்கூலி இறங்குகிறது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. எங்கள் லைனில் சிரிப்புத்தான் வந்தது. காலை எட்டரைக்கு உட்கார்ந்து ராத்திரி எட்டரைக்கு எழுந்திருக்கிற ஊர் இது.

பீஸ் ரேட் டெய்லர் எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்ட் என்று சிலர் சொல்வார்கள். அன்றைய ஆந்திரப் பிரதேசத்துத் தையற்கடைகள் இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போயின. மெஷின் கடையினுடையது, சரியில்லாத தையலைத் திருப்பித் தரும் அதிகாரமும் கடைக்கு இருக்கிறது, ஆகவே அங்கே பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் தொழிலாளர்களே என்று 1973இல் தீர்ப்பு வந்தது.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலும் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி உண்டு, தொழிலாளியின் சம்மதமும் வேண்டும். அந்தப் பழைய சராசரிக் கணக்கை அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால் ஆளுக்கு ஒரு கணக்குப் பேசிச் சண்டை போட வேண்டியிருக்காது.

வரி மட்டும் போதாது. பீஸ் ரேட் நோட்டில் டஜன் இருக்கிறது, ரேட் இருக்கிறது, மணி இல்லை. மணி இல்லாமல் எந்த டஜன் முழு நேரத்தில் தைத்தது, எந்த டஜன் ஓவர்டைமில் தைத்தது என்று எப்படிப் பிரிப்பது?

எங்கள் ஆட்களிலும் சிலருக்கு இது பிடிக்காது. "நினைச்சா வருவேன், நினைச்சா போவேன், அதுக்குத்தானே பீஸ் ரேட்" என்பார்கள். ஷிப்மென்ட் நாளில் அவர்கள் நினைத்தபடி போக முடிகிறதா என்று கேளுங்கள். முதலாளிகளுக்கும் பயம் புரிகிறது: ஆர்டருக்கு ரேட் பேசும்போது இந்தச் செலவைப் போட்டிருக்க மாட்டார்கள். போடட்டும். நூல் விலை ஏறினால் சேர்த்துத்தானே பேசுகிறார்கள்?

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊரில் நான் கேட்பது அவ்வளவு பெரிதில்லை. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி. நோட்டில் வந்த நேரம், போன நேரம் என்று இரண்டு கட்டம், காத்திருந்த நேரமும் அதற்குள் அடங்கும்படி. அந்த நோட்டின் நகல் ஒன்று சனிக்கிழமைதோறும் எங்கள் கையில்.

இப்படிக்கு,
ஒரு ஓவர்லாக் டெய்லர், திருப்பூர்