நீலகிரியில் உடல்நல ஆய்வுக்கு ஆள் சேர்க்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் மாவட்டத்தில் நிறைய பேரைச் சேர்த்து, பல வருடங்களுக்கு அவர்கள் உடல்நிலையைத் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கப் போகிறீர்கள், அதற்கு ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் தேவை என்று கேள்விப்பட்டேன். நான் கோத்தகிரி பக்கம் தேயிலை எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். இப்போது வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். இந்த ஆய்வு நடக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1948-ல் அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்து இதயநோய் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பரிசோதனை. பி.பி. ஏறினால், பீடி சிகரெட் பிடித்தால், ரத்தத்தில் கொழுப்பு கூடினால் மாரடைப்பு வரும் என்று இன்று நான் லைன் வாசலில் உட்கார்ந்து சொல்கிறேனே, அதற்கான ஆதாரத்தில் பெரும்பங்கு அந்த ஊர்க்காரர்கள் சலிக்காமல் வந்து கையை நீட்டியதால் கிடைத்தது. 1971-ல் அவர்களுடைய பிள்ளைகள் சேர்ந்தார்கள், 2002-ல் பேரப்பிள்ளைகள். மூன்று தலைமுறை. முதல் நாள் கூட்டம் சேர்ப்பது எந்த முகாமிலும் நடக்கிற காரியம், ஆனால் பேரன் வரைக்கும் ஒரு குடும்பம் விட்டுப்போகாமல் இருந்தது என்றால் அந்த ஆய்வுக்காரர்கள் அவர்களிடம் எப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதைத்தான் நான் யோசிக்கிறேன். உங்கள் திட்டத்தில் ஆள் சேர்ப்புக்கு எத்தனை பக்கம், பத்தாவது வருடத்துக்கு எத்தனை பக்கம் என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

எங்கள் லைனுக்கே சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குழு வந்தது. ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தார்கள், போய்விட்டார்கள். ரிசல்ட் என்ன ஆனது என்று அம்மா வயதுக்காரர்கள் என்னிடம்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எங்கே தெரியும்? அதற்கப்புறம் யார் டப்பாவும் ஊசியுமாக வந்தாலும் பாதி வீடு கதவு திறப்பதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டார்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் செய்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் நீங்கள் தட்டப்போவது அதே கதவுகளைத்தான்.

இன்னொரு விஷயம், முகாமுக்கு யார் வருவார்கள் என்பது. ஊட்டியிலோ குன்னூரிலோ மண்டபம் எடுத்து, வார நாளில் காலை 10 மணிக்கு வைத்தால் கூட்டம் வரும், சந்தேகமே வேண்டாம். ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள், ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போகிறவர்கள் வருவார்கள், ஏற்கெனவே நடைப்பயிற்சி போகிறவர்கள் வருவார்கள். அந்த நேரத்தில் கொழுந்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் நிற்கிற பெண் வர மாட்டாள். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் வயலில் மருந்தடிக்கிறவர் வர மாட்டார். வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. தானாக வருகிறவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நீலகிரி ரொம்ப ஆரோக்கியமான ஊர் என்று முடிவு வந்துவிடும். பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை 5 லட்சம் பேரைச் சேர்த்த பயோபேங்க் ஆய்விலேயே இது நடந்தது. அழைப்பு போன 100 பேரில் ஐந்தாறு பேர்தான் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் அந்த நாட்டுப் பொதுமக்களைவிட ஆரோக்கியமாகவும் வசதியாகவும் இருந்தார்கள். பிரேமிங்ஹாமிலும் முதலில் பட்டியல் போட்டு 6,507 பேரைக் கூப்பிட்டார்கள், 4,469 பேர்தான் வந்தார்கள், தாங்களாக முன்வந்த 740 பேரைச் சேர்த்துத்தான் அந்த 5,209. ஆகவே பட்டியல் போட்டு வீடு தேடி வாருங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் பெண்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், காலை 6 மணிக்கே லைனில் இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் அந்த நேரத்துக்கு வயதானவர்களைப் பட்டினியாக உட்கார வைக்க வேண்டாம். ஒரு நாள் வேலை கெட்டால் அந்தக் கூலியைக் கொடுங்கள். அது லஞ்சமில்லை, இழந்த சம்பளத்தையும் போக்குவரத்துச் செலவையும் ஈடுகட்டலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளே சொல்கின்றன.

ஒப்புதல் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஸ்டேட்டில் மேனேஜரோ மேஸ்திரியோ "எல்லாரும் போய் ரத்தம் கொடுங்க" என்று சொன்னால் ஒருத்தரும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. குடியிருக்கிற வீடே அவர்கள் கையில் இருக்கிறது. படுகர்களின் ஊரான ஹட்டியில் ஊர்த் தலைவர் சொன்னாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். உள்ளே வர அவர்களிடம் அனுமதி கேளுங்கள், அது மரியாதை. ஆனால் கையெழுத்து ஒவ்வொருவரிடமும் தனியாக, மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது வாங்குங்கள். 2009-ல் ஆந்திராவில் கம்மம் பகுதியில் பழங்குடிச் சிறுமிகளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடந்தபோது பல இடங்களில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த வருடம் ஆய்வு நிறுத்தப்பட்டு, பாராளுமன்றக் குழுவரை போனது. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியவர்கள் யார்? அதை நீங்கள் இங்கே செய்யுங்கள். படுக மொழியில், இருளர் பேச்சில், பந்தலூர் பக்கம் மலையாளத்தில் வாயால் விளக்குங்கள். ஒரு வாரம் கழித்து வந்து கையெழுத்து வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் மருந்தோ சலுகையோ நிற்காது என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். சேரும்போது குழந்தையாக இருந்தவருக்கு 18 வயது ஆனதும் அவரிடமே திரும்பக் கேளுங்கள்.

எடுத்த ரத்தத்தை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் சர்க்கரை நோய் ஆய்வுக்கு என்று நம்பிக் கொடுத்த ரத்தத்தைக் கேட்காமலே வேறு ஆய்வுகளுக்கு எடுத்திருந்தார்கள். வழக்கு நடந்து 2010-ல் நஷ்டஈடும் மிச்ச ரத்தமும் திரும்பப் போனது. இந்த மலைக்கு இது தூரத்துக் கதை இல்லை. இந்தியாவில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பது 1952-ல் முதன்முதலாக வெளியே தெரிந்ததே நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்திலிருந்துதான். இப்போது 2023-ல் தொடங்கிய தேசியத் திட்டம் 2047-க்குள் அதை ஒழிக்க வேண்டும் என்கிறது. இத்தனை காலம் ரத்தம் கொடுத்தே பழகிய மக்களிடம் இன்னொரு தடவை கேட்கப் போகிறீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

தன்னார்வலர்களை இங்கேயே எடுங்கள். கூடலூரில் அஸ்வினி அமைப்பு ஆதிவாசிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கித்தான் குடியிருப்புகளுக்குள் போனது, ஆஸ்பத்திரியும் அந்த வேரில்தான் வளர்ந்தது. அந்த வழி இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, என் வேலையில் தினமும் பார்க்கிறேன். லைனில் சுவர் ஒன்றுதான், இந்த வீட்டு இருமல் அந்த வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணே ரிசல்ட்டைக் கொண்டுவந்தால், ஒரு பெண்ணுக்குச் சிக்கிள் செல் கூறு (நோய் இல்லை, பிள்ளைகளுக்குப் போகக்கூடிய மரபுக் கூறு மட்டும்) இருக்கிறது என்ற சேதி அன்று சாயங்காலமே கல்யாணப் பேச்சு வரைக்கும் போய்விடும். அதனால் ஆளைக் கூப்பிடுவது, விளக்குவது, அடுத்த பரிசோதனைக்கு ஞாபகப்படுத்துவது இதெல்லாம் உள்ளூர்க்காரர் செய்யட்டும். ரிசல்ட்டை வெளியிலிருந்து வரும் நர்ஸ் ஒட்டிய கவரில் அவரவர் கையில் கொடுத்து, தனியாக உட்கார்ந்து பேசட்டும். பி.பி. ரொம்ப ஏறியிருந்தால் ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சேர்த்துவிடுங்கள். அப்புறம், தன்னார்வலருக்கு மாதச் சம்பளம் வேண்டும். இரண்டாவது வருடமே வேறு வேலைக்குப் போய்விட்டால் அவளோடு சேர்ந்து அந்த லைனும் போய்விடும்.

ஆட்கள் இடம் மாறுவதும் இங்கே அதிகம். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள், லைனில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் இந்த ஊர்க் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள், விட்டுவிடாதீர்கள். போன் நம்பர் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொருவருக்கும் சொந்தக்காரர் இரண்டு பேர் நம்பராவது வாங்கி வையுங்கள். மழைக்காலத்தை நம்பி அட்டவணை போட வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நாங்கள் மறக்கவில்லை. ரோடு மூடினால் மஞ்சூரிலிருந்து ரத்த மாதிரி எங்கேயும் போகாது.

வருடா வருடம் திரும்பி வந்து, போன வருடம் என்ன தெரிந்தது என்று ஊர் நடுவில் சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு, 15 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றுதான் காட்டியது. நினைத்தது நடக்கவில்லை, ஆனாலும் உலகத்துக்கே தேவைப்பட்ட பதில் அது. பிரிட்டனில் 1946-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்க்கிற ஆய்வில் அவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் எங்கள் லைனில் அப்படி ஒரு அட்டை வந்தால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.

சரி, முதல் கூட்டத்தை ஊட்டியில் மட்டும் வைக்காமல் கோத்தகிரி, குந்தா, பந்தலூர் என்று தனித்தனியாக, ஞாயிறு சாயங்காலம் வையுங்கள். காலையில் துணி துவைத்து, கடைத்தெருவுக்குப் போய் வந்த பிறகுதான் பெண்களால் வர முடியும். ரத்தம் எங்கே போகும், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், பணம் யார் கொடுக்கிறார்கள், நடுவில் பணம் நின்றுபோனால் எங்களுக்கு யார் பதில் சொல்வார்கள் என்று கேட்பார்கள். பதிலை எழுத்தில் கொண்டு வாருங்கள். உங்கள் ஆலோசனைக் குழுவில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருவருக்கும் ஆதிவாசிப் பெண் ஒருவருக்கும் இடம் வையுங்கள். இதற்கெல்லாம் சம்மதம் என்றால் எங்கள் பக்கத்து லைன்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு.