பிள்ளையார் கோயில் முக்கு, 7.25: பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் எனக்கு ஒரு ட்யூஷன் சென்டரிலிருந்து போன் வந்தது. "ஏழாம் வகுப்பு பி செக்‌ஷன் பாப்பாவோட அப்பாங்களா?" என்று கேட்டு, மகளின் பெயரையும் சொன்னார்கள். எண் எங்கே கிடைத்தது என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். அன்று ராத்திரி என் எண்ணையே கூகுளில் போட்டுத் தேடினேன். முதல் பக்கத்திலேயே ஒரு பிடிஎஃப் வந்து நின்றது. என் மகள் படிக்கும் பள்ளியின் வேன் பட்டியல் அது. பிள்ளையின் பெயர், வகுப்பு, ஏறும் இடம், வேன் வரும் நேரம், அப்பா அம்மா செல் எண்கள், ரத்த வகை என்று நாற்பத்தொரு பிள்ளைகளின் விவரம் வரிசையாக இருந்தது. என் மகளுக்கு நேரே "பிள்ளையார் கோயில் முக்கு, 7.25" என்று போட்டிருந்தது. அந்த முக்கில் அவள் தனியாகத்தான் நிற்பாள். அவள் பெயர் தெரிந்த, அவள் அப்பா பெயர் தெரிந்த எவனும் அங்கே வந்து பேச்சுக் கொடுக்கலாம்.

அந்தப் பள்ளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பன்னிரண்டு வருடமாகப் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறவன் நான். இதே தவற்றைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மறுநாள் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "லாகின் போட்டிருக்கோமே சார்" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. "பெற்றோர் பகுதி" என்ற பக்கத்தைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்த கோப்பு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறந்தபடி. நம் பள்ளித் தளங்கள் பல ஓடும் வேர்ட்பிரஸ் என்ற, இணையதளம் நடத்தும் மென்பொருளில் நாம் ஏற்றும் கோப்புகள் 'அப்லோட்ஸ்' என்ற ஃபோல்டருக்குள், வருடம், மாதம் என்று பிரிந்து போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தை 'பிரைவேட்' ஆக்கினாலும், பாஸ்வேர்டு வைத்தாலும், அந்தக் கோப்புக்குத் தனி முகவரி உண்டு. முகவரி தெரிந்தவர் நேரே போய் எடுத்துக்கொள்ளலாம். யாரோ ஒருவர் எப்போதோ அந்த லிங்க்கை வேறோர் இடத்தில் பகிர்ந்தால் போதும், கூகுளும் வந்து எடுத்துக்கொள்ளும். தேடுபொறிகளுக்குக் குறிப்பு எழுதி வைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் "இந்தப் பக்கம் வராதே" என்று எழுதி வைத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. அந்தக் கோப்பை யாரும் படிக்கலாம். எது எங்கே இருக்கிறது என்று நாமே கைகாட்டிவிட்ட மாதிரிதான்.

லிங்க்கை மெனுவில் காட்டாமல் விடுவது வேறு, பூட்டுவது வேறு. ஒவ்வொரு முறை ஒரு கோப்பு கேட்கப்படும்போதும், கேட்கிறவர் யார், அவருக்கு இது உண்டா என்று சர்வர் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். கோப்பை வெளியிலிருந்து நேரே எட்ட முடியாத ஃபோல்டரில் வைத்து, லாகினைச் சரிபார்க்கும் நிரல் வழியாக மட்டும் கொடுப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு நாள் வேலை.

இன்னொரு கூத்தையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆத்தர், கன்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர் என்று ஐந்து ரோல்கள், அதாவது யார் என்ன செய்யலாம் என்ற பொறுப்பு வகைகள், கூடவே வரும். 'பிரைவேட்' என்று குறித்த பக்கத்தை அட்மினும் எடிட்டரும்தான் பார்க்க முடியும், எழுதியவர் தன்னுடையதைப் பார்க்கலாம். சப்ஸ்கிரைபராக இருக்கும் பெற்றோருக்கு அது தெரியாது. "எங்களுக்குப் பக்கம் வரலை" என்று பெற்றோர் போன் மேல் போன் போட்டதும், ஒரு பள்ளியில் எல்லாப் பெற்றோரையும் எடிட்டராக ஏற்றிவிட்டார்கள். பக்கம் வந்தது. கூடவே, பள்ளியின் எந்தப் பக்கத்தையும் திருத்தவும் அழிக்கவும் முந்நூறு பேருக்கு அதிகாரமும் வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் சாரை நான் குறை சொல்ல மாட்டேன். வகுப்பும் எடுத்து, அரசின் எமிஸ் தளத்தில் மாணவர் பதிவும் போட்டு, இதையும் தலையில் சுமக்கிறார். யாருக்கு எது தெரிய வேண்டும் என்று அவருக்கு நிர்வாகம் ஒரு தாளில்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தத் தாளைத்தான் உங்களிடம் கேட்கிறேன். வேன் டிரைவருக்கும் ஆயாவுக்கும் தங்கள் வழித்தடத்துப் பிள்ளைகளின் பெயரும் ஸ்டாப்பும் பெற்றோர் எண்ணும் வேண்டும். மதிப்பெண் வேண்டாம். வகுப்பாசிரியருக்குத் தன் வகுப்பு வேண்டும், பக்கத்து வகுப்பு வேண்டாம். டி.சி. எழுதும் எழுத்தருக்குச் சாதி விவரம் வேண்டியிருக்கும், கட்டணம் வாங்குகிறவருக்கு அது எதற்கு? பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் ரத்த வகை அவருக்குத் தேவையில்லை. தளத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கே கூட எல்லாம் தெரிய வேண்டியதில்லை.

அதிகாரத்தை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுப்பது என்ற இந்த முறையை அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெராயோலோவும் குனும் 1992-இல் ஒரு கட்டுரையில் முறைப்படி எழுதிவைத்தார்கள். நமக்கு அதன் பலன் ஆள் மாறும்போது தெரியும். போன வருடம் வேலையை விட்டுப் போன ஆசிரியையின் லாகின் உங்கள் பள்ளியில் இன்னும் திறக்கிறதா? அலுவலகம் முழுவதும் ஒரே அட்மின் பாஸ்வேர்டைத்தான் பயன்படுத்துகிறதா, அது ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கிறதா? அப்படியானால் யார் என்ன பார்த்தார்கள் என்று நாளைக்கு யாராலும் சொல்ல முடியாது.

ரோல் மட்டும் போட்டால் போதாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இது அடிக்கடி நழுவும் இடம். நான் 'பெற்றோர்' என்ற ரோலில் உள்ளே வருகிறேன், என் மகளின் ரேங்க் கார்டைத் திறக்கிறேன். மேலே முகவரியின் கடைசியில் 1142 என்று இருக்கிறது. அதை 1143 ஆக்கினால் அடுத்த பிள்ளையின் கார்டு வந்து நிற்கிறது. நானும் பெற்றோர்தான் என்பதால் தளம் விட்டுவிடுகிறது. 2019-இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனத்தில் நடந்தது இதுதான். லிங்க்கில் ஒரு எண்ணை மாற்றினால் அடுத்தவர் ஆவணம் திறந்தது. அப்படி எட்டக்கூடியதாகக் கிடந்தவை சுமார் 88.5 கோடி. அவ்வளவு பெரிய நிறுவனமே கோட்டைவிட்ட இடம் இது. வலைத்தளப் பாதுகாப்புக் குறைகளைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பட்டியலில், அனுமதியைச் சரியாகப் பார்க்காமல் விடுவதுதான் முதலிடம். 2017 பட்டியலில் அது ஐந்தாவதாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டிவிடாதீர்கள். ஒரு பள்ளியில் கட்டண விவரம் லாகினுக்குள் இருந்தது, பிள்ளைகளின் முகவரிப் பட்டியல் வெளியே கிடந்தது. தலைகீழ்! கட்டணம், அங்கீகாரச் சான்று, கட்டடப் பாதுகாப்புச் சான்று, ஆசிரியர் எண்ணிக்கை ஆகியவை ஊருக்கே தெரிய வேண்டியவை. சிபிஎஸ்இ பள்ளிகள் இவற்றைத் தங்கள் தளத்தில் பொதுவில் வைத்தே ஆக வேண்டும் என்று வாரியமே சொல்லியிருக்கிறது. சேர்க்கைக்கு வரும் கூலித் தொழிலாளி ஒருவர் லாகின் வாங்கித்தான் கட்டணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நியாயமில்லை.

சட்டமும் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யாவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முழுமையாக நடைமுறைக்கு வர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அபராதத்துக்குப் பயந்து நீங்கள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பமில்லை. இருந்தாலும் தெரிந்திருப்பது நல்லது.

இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ திறந்து, லாகின் செய்யாமல், உங்கள் தளத்தில் உள்ள பட்டியல்களின் முகவரியை நேரே ஒட்டிப் பாருங்கள். உங்கள் பள்ளிப் பெயரோடு "பிடிஎஃப்" என்று சேர்த்துக் கூகுளில் தேடுங்கள். ஒரு பெற்றோர் கணக்கில் உள்ளே போய் எண்ணை மாற்றிப் பாருங்கள். ஏதாவது திறந்தால் முதலில் கோப்பை எடுங்கள், அடுத்துக் கூகுளிடம் நீக்கச் சொல்லுங்கள், மூன்றாவதாக அந்தப் பட்டியலில் இருக்கும் பெற்றோர்களுக்கு நீங்களே சொல்லுங்கள். மூன்றாவது கடினமானது என்று தெரியும். எங்கள் பள்ளியில் முதல் இரண்டையும் உடனே செய்தார்கள், மூன்றாவதைச் செய்யவில்லை. மற்ற நாற்பது வீடுகளுக்கும் நானே போன் போட்டேன். அவர்கள் எண்கள் என்னிடம் எப்படி வந்தன என்று ஒரு தாய் பயந்துபோய்க் கேட்டார். அந்தப் பட்டியலிலிருந்துதான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

என் மகள் இப்போதும் அதே முக்கில்தான் வேன் ஏறுகிறாள். வேன் வரும் வரை நானும் கூடவே நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை