"ஒரு பகுதி" என்றால் எவ்வளவு? நல்லெண்ணெய்க் கொம்பனிப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கு,

வணக்கம். போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட உள்ள கடையில் உங்கள் நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்று வாங்கினேன். லேபலில் எள்ளுப்பூப் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், "இதன் வருமானத்தில் ஒரு பகுதி மனிதாபிமானப் பணிகளுக்கு" என்று போட்டிருந்தீர்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் முதலில் மலிவான போத்தல் ஒன்றைத்தான் கையில் எடுத்திருந்தார். கடைக்காரப் பெடியன் இந்த வரியை வாசித்துக் காட்டியதும் அதை வைத்துவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொண்டு போனார். அந்த அம்மா கூடக் கொடுத்த காசு எங்கே போகிறது என்று கேட்கத்தான் இந்த மடல்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் பதினொரு வருடமாகக் கணக்கெழுதுகிறேன். உங்கள் உதவி எங்களுக்கும் வந்திருக்கிறது. அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும்.

முந்தின வருடம் சித்திரையில் உங்கள் ஆட்கள் வான் ஒன்றில் வந்து இறங்கினார்கள். பதாகை கட்டினார்கள். மூன்றடி நீள அட்டையில் காசோலை மாதிரி அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்பது பிள்ளைகளை முற்றத்து வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். அதில் ஒரு சிறுமியைப் பார்த்து, "பிள்ளை, ஊன்றுகோல் தெரியிற மாதிரி கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ" என்றார் படம் பிடித்தவர். மூன்று தரம் எடுத்தார்கள். அடுத்த நாளே படம் முகநூலில் வந்துவிட்டது. அட்டையில் எழுதிய தொகையில் பாதி ஐப்பசியில்தான் எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தது. மற்றப் பாதி இன்னும் என் கொப்பியில் "வரவேண்டியது" என்ற நிரலில் கிடக்கிறது. அந்தச் சிறுமி இப்போதும் வாசலில் வான் நிற்கும் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறாள்.

உங்களிடம் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. லேபலில் உள்ள அந்தச் சொல்தான் இவ்வளவுக்கும் இடம்விட்டது என்று நினைக்கிறேன்.

"ஒரு பகுதி" என்றால் எவ்வளவு? "வருமானம்" என்றால் விற்ற காசா, செலவு போக மிஞ்சிய இலாபமா? போத்தல் ஆயிரம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். விற்பனையில் நூற்றுக்கு ஒன்று என்றால் பத்து ரூபா. ஒரு போத்தலில் உங்களுக்கு எண்பது ரூபா இலாபம் என்றால், இலாபத்தில் நூற்றுக்கு ஒன்று வெறும் எண்பது சதம். புது இயந்திரம் இறக்கி வட்டி கட்டிய வருடத்தில் இலாபமே இல்லை என்று கணக்கு முடியலாம், அதில் பொய்யும் இராது. அந்த வருடமும் பிள்ளைகள் மூன்று வேளை சாப்பிடவேண்டுமே.

எங்கள் ஆச்சிமார் பிடியரிசி எடுத்த விதத்தை நினைத்துப் பாருங்கள். உலையில் போட முதல் ஒரு பிடியை அள்ளி வேறு பானையில் போட்டுவிடுவார்கள். சாப்பிட்டு மிஞ்சினால் பார்ப்போம் என்று ஒருநாளும் இருந்ததில்லை. அந்தப் பிடியரிசியில்தான் இங்கே எத்தனையோ சைவப் பள்ளிக்கூடங்கள் நடந்தன. தமிழ் வியாபாரிகள் தருமத்துக்கு எடுத்து வைக்கிற மகமையும் அப்படித்தான். மூட்டைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, விற்ற உடனே தனியாக எடுத்து வைப்பார்கள். இலாபமா நட்டமா என்பது பிறகு பார்க்கிற கணக்கு. எவ்வளவு என்பது வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும்.

வெளிநாட்டிலும் இதைச் செய்கிறார்கள். படகோனியா என்ற அமெரிக்க உடுப்புக் கொம்பனி 1985 முதல் இயற்கைப் பாதுகாப்புக்கு நூற்றுக்கு ஒன்று கொடுத்துவருகிறது, அதுவும் விற்பனையில். நடிகர் போல் நியூமன் 1982இல் தொடங்கிய உணவுக் கொம்பனி, உங்களைப் போலப் போத்தலில் அடைத்து விற்கிற கொம்பனிதான், இலாபம் முழுவதையும் தருமத்துக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டது. இந்தியாவில் 2013இல் வந்த கொம்பனிச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு மூன்று வருடச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு என்று விதித்திருக்கிறது. இங்கே உங்களை அப்படி ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. நீங்களாக விரும்பிக் கொடுக்கிறீர்கள். அந்த மனதை மதிக்கிறபடியால்தான் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன்.

காசு எதற்குத் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பைகள் எங்களுக்குத் தேவைக்கு மேலேயே வரும். மின்சாரக் கட்டணம் கட்டித் தருகிறேன் என்று இதுவரை ஒருவர் வந்ததில்லை. இயன்மருத்துவம் (பிசியோதெரபி) செய்ய வருகிற தங்கச்சியின் சம்பளம், பெரிய பிள்ளைகளுக்கான அணையாடை, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஓட்டோக் காசு, இவைதான் மாதக் கடைசியில் என்னை நித்திரை கொள்ள விடாதவை. செயற்கைக் கால் இருக்கிறதே, அதை ஒருமுறை போட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளை வளர வளர அது கட்டையாகிவிடும், பொருத்துகிற இடம் இறுகிப் புண்ணாகும், மாற்றியே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்குகிற ஜெய்ப்பூர் நிலையத்தில் ஒருநாள் காலையில் போய் இருந்து பாருங்கள். புதிதாகக் கால் போட வருகிறவர்களோடு, திருத்தவும் மாற்றவும் வருகிறவர்களையும் காண்பீர்கள். போர் முடிந்தது 2009இல். அந்தக் கால்களின் செலவு இன்னும் முடியவில்லை. இப்படியான இடங்களுக்கு, ஒருநாள் வந்துபோகிற பெரிய தொகையைவிட, இந்தத் திகதிக்கு இவ்வளவு வரும் என்று நம்பியிருக்கக்கூடிய சின்னத் தொகை பெரிய காரியம்.

ஆகவே கேட்கிறேன். லேபலில் "ஒரு பகுதி" என்பதை எடுத்துவிட்டு, "இந்தப் போத்தலுக்கு இத்தனை ரூபா" என்று போடுங்கள். ஐந்து ரூபா என்றாலும் குறைவில்லை. வருடத்தில் எத்தனை போத்தல் விற்றது, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருமுறை வெளியிடுங்கள். காசை மூன்று மாதத்துக்கு ஒருதரம் வங்கிக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் முகத்தைத் தயவுசெய்து படம் எடுக்காதீர்கள். பற்றுச்சீட்டை நாங்கள் தருகிறோம், அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள்.

உங்கள் கணக்காண்டு மார்ச் 31இல் முடியும். ஏப்ரல் முதற்கிழமையில், வருடப்பிறப்பு அலுவல்கள் தொடங்க முதல், உங்கள் கணக்காளரை எங்கள் இல்லத்துக்கு அனுப்பிவையுங்கள். கமரா வேண்டாம். அவருடைய கொப்பியையும் என்னுடைய கொப்பியையும் ஒரே மேசையில் விரித்து வைத்து, அந்த "வரவேண்டியது" நிரலில் இருந்து தொடங்குவோம்.

இப்படிக்கு,
இல்லத்துக் கணக்கெழுதும் ஒருத்தி,
யாழ்ப்பாணம்