தெருவில் வாழும் முதியோருக்குக் கட்டிலும் முகவரியும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் உள்ள அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வீடின்றித் தெருவில் வாழும் முதியோர் நோயிலிருந்து தேறும்வரை படுத்திருக்கவும், தேறியபின் விரும்பினால் அங்கேயே நிலையாகத் தங்கவும், செவிலியர் துணையுள்ள ஓர் இல்லத்தைச் சென்னை மாநகராட்சி அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை வார்டில் நான் இருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், சர்க்கரை நோயால் அழுகிய கால்விரல்கள் இரண்டை எடுத்தபின் பதினெட்டு நாட்கள் எங்களிடம் இருந்தார். அவருடைய கேஸ் ஷீட்டில் உடனிருப்பவர் பெயரை எழுதும் இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. புண் ஆறத் தொடங்கியது, அந்தக் கட்டிலுக்காக இன்னொரு நோயாளி தரையில் பாய் விரித்துக் காத்திருந்தார், டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், கட்டு நனையக் கூடாது, இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னவள் நான்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சிஸ்டர், ஆனா நான் படுக்கிறது பிளாட்பாரத்துல" என்றார். அது ஐப்பசி மாதம். பதினோராம் நாள் ஆம்புலன்சில் அவரை மறுபடி கொண்டுவந்தார்கள். கட்டை அவிழ்த்தபோது புண்ணில் புழு வைத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இதே போலப் போய்த் திரும்பி வந்தவர்கள் பலரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

மாநகராட்சி ஏற்கெனவே வீடற்றோர் காப்பகங்களை நடத்துகிறதே என்று வாசகர்கள் கேட்கலாம். பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் 24 மணி நேரமும் இயங்கும் காப்பகங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அன்றைய கணக்குக்கே 67 காப்பகங்கள் தேவை. எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. காப்பகங்களை நடத்தும் தொண்டு நிறுவனத்தினரின் மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சில பணியாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு, எழுந்து நடக்க முடியாதவருக்கு மலஜலம் எடுக்கவும் புண்ணைக் கழுவிக் கட்டவும் அவர்களால் எப்படி முடியும்? நான் தொலைபேசியில் கேட்ட இடங்களிலெல்லாம், "தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவராக இருந்தால் அனுப்புங்கள்" என்ற பதில்தான் வந்தது. மருத்துவமனையோ, இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் கிடப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். பெரும்பாலும் ஆணுக்கு ஒரு காப்பகம், பெண்ணுக்கு ஒரு காப்பகம் என்று பிரித்திருப்பதால், நாற்பது ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் பிரிய மனமின்றித் தெருவிலேயே இருந்துவிடுவதும் உண்டு.

மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு இன்னொன்றைச் சொல்கிறேன். இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் நாங்கள் கொடுக்கும், சிறுநீரை அதிகம் போகவைக்கும் 'நீர் மாத்திரை'யைத் தெருவில் வாழும் வயதான பெண்கள் பலர் விழுங்குவதே இல்லை. வீக்கத்தோடு திரும்பி வந்த ஒரு பாட்டியிடம் நான் கோபித்துக்கொண்டபோது, முந்தானை முடிச்சை அவிழ்த்து அத்தனை மாத்திரைகளையும் காட்டினார். இரவில் கழிப்பறையைப் பூட்டிவிடுகிறார்கள், பகலில் ஒவ்வொரு முறையும் காசு கேட்கிறார்கள், இதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போவேன் என்றார். அவரைக் கடிந்துகொண்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

தமிழக அரசின் திட்டங்கள் குறைவானவை அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. வாசலே இல்லாதவரை அது எங்கே போய்த் தேடும்? முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு விண்ணப்பிக்கப் போனால் ஆதாரும் குடும்ப அட்டையும் கேட்கிறார்கள். மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் குடும்ப அட்டை வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு முகவரி. ஆகவே நான் கேட்கும் இல்லம், மருந்தும் கட்டிலும் தருவதோடு, அங்கே தங்குவோரின் சட்டப்படியான முகவரியாகவும் இருக்க வேண்டும்.

இது புதிதாகக் கேட்கும் சலுகையும் அல்ல. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்று வழிவகுத்திருக்கிறது. இப்படி ஓர் இல்லம் வந்தால் பிள்ளைகள் பெற்றோரைக் கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள் என்று அஞ்சுவோருக்கு, பெற்றோரைக் கைவிடுவதற்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு கூறுவதை நினைவூட்டுகிறேன்.

கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை சென்னைக்குக் கிடைத்த பெரும்பேறு. அங்கும் சிகிச்சை முடிந்ததும் டிஸ்சார்ஜ் எழுதத்தான் வேண்டும். அந்தச் சீட்டோடு வெளியே வருபவர் போய்ச் சேர வேண்டிய இடத்தை அமைக்கும் பொறுப்பு மாநகராட்சியுடையது. அதற்கு வேண்டியவற்றில் பல அதன் கையிலேயே இருக்கின்றன. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் தினமும் ஒருமுறை வந்து பார்க்கலாம். அருகிலுள்ள அம்மா உணவகத்திலிருந்து சாப்பாடு வரலாம். புதிதாகத் தேவைப்படுவது, இரவும் பகலும் செவிலியர்கள், துடைக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் போதிய ஆயாக்கள், கைப்பிடி வைத்த கழிப்பறைகளோடு தரைத்தளத்தில் அறைகள், இன்சுலினுக்கு ஒரு ஃபிரிட்ஜ், தம்பதியர் சேர்ந்திருக்கச் சில தனி அறைகள் ஆகியவைதான். அவரவர் மூட்டையை வைத்துப் பூட்ட ஆளுக்கொரு பெட்டியும் வேண்டும். மூட்டையை விட்டுவிட்டு வரச் சொன்னதால் காப்பகத்துக்கு வர மறுத்தவர்களை நான் அறிவேன்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. நிலம் கிடைக்கிறது என்பதற்காக ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் பக்கம் கட்டிவிட வேண்டாம். பாரிமுனை, சென்ட்ரல், இராயபுரம் பகுதிகளில் பூக்கட்டியும் காகிதம் பொறுக்கியும் இத்தனை காலம் பிழைத்தவர்கள், தெரிந்த முகங்களையும் பார்த்துப் பழகிய மருத்துவமனையையும் விட்டு அங்கே போய் இருக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்கள் என்று சொல்வோரும் உண்டு. அந்த முதியவர்கள் ஏற்கெனவே நம் தெருவில்தான், நம் கடை வாசலில்தான் படுத்திருக்கிறார்கள். கூரைக்கு உள்ளே படுத்தால் யாருக்கு என்ன இடைஞ்சல் வந்துவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

எத்தனை கட்டில்கள் தேவை என்பதை அறியப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. உடனிருப்பவர் இல்லாத அறுபது வயதுக்கு மேற்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகும்போதெல்லாம், அவர் எங்கே போகிறார் என்று எழுதிவைக்கும்படி நகரின் அரசு மருத்துவமனைகளை மாநகராட்சி மூன்று மாதங்களுக்குக் கேட்டுக்கொண்டால் போதும். அந்தக் கணக்கை மாநகராட்சி மன்றத்தில் வைத்து, அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே முதல் இல்லத்துக்குப் பணம் ஒதுக்குமாறு மேயரையும் ஆணையரையும் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
பெரம்பூர், சென்னை.