ஐ.எச்.எல். வரலாறு எழுத உதவிய எல்லோருக்கும் நன்றி

வணக்கம். இன்டர்நேஷனல் ஹாக்கி லீக்கின் (ஐ.எச்.எல்.) வரலாற்றைத் தமிழில் எழுதும் வேலை ஒருவழியாக முடிந்தது. 2001-இல் இழுத்து மூடப்பட்ட, வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியில் இருந்த ஒரு ஐஸ் ஹாக்கி லீக். இதையெல்லாம் தமிழில் யார் படிப்பார்கள் என்று ஒருவர்கூடக் கேட்காமல், கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தீர்கள்.

முதலில் கனடாவின் விண்ட்சர் நகரத்து நூலகர் அம்மாவுக்கு. 1945 டிசம்பரில் அந்த ஊரில் கூடிப் பேசி ஆரம்பித்த லீக் இது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் விண்ட்சரில் இரண்டு அணி, அந்தப் பக்கம் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இரண்டு, அவ்வளவுதான். பழைய செய்தித்தாள்களைத் தேடித் தந்ததோடு விடாமல், "ஜோ டர்னரைப் பற்றிப் படிக்காமல் எழுத உட்காராதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொன்னவர் அவர்தான். டர்னர் விண்ட்சர்காரர், கோல்கீப்பர். என்.எச்.எல். அணியான டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடினார், அப்புறம் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஹூர்ட்கென் காட்டுச் சண்டையில் உயிரை விட்டார். லீக்கின் கோப்பைக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். எனக்கு இந்த லீக் மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

லீக்கின் இன்னொரு ஊரான கலமசூவின் அரங்கில் பனித்தளம் போட்ட பெரியவருக்கும் பெரிய நன்றி. 1982 மார்ச் 17, பச்சை நிறத்தோடு கொண்டாடும் ஐரிஷ் திருநாளான புனித பாட்ரிக் நாளன்று அங்கே பச்சை நிறப் பனியில் ஆட்டம் நடந்தது. சாயம் கலந்த தண்ணீரை மெல்லிசாகத் தெளித்து, அது உறைந்த பிறகே அடுத்த பூச்சு, அவசரப்பட்டால் திட்டுத் திட்டாகிவிடும் என்று கையை அசைத்து அசைத்துக் காட்டினார். அந்த விவரம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஃபோர்ட் வேன் ஐயா, உங்களுக்கு எப்படிச் சொல்வது? உங்கள் ஊரின் கோமெட்ஸ் அணி 1952-இல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து சேர்த்து வைத்த ஆட்ட நிகழ்ச்சி நிரல்கள், ஓரத்தில் பென்சிலில் யார் கோல் போட்டார், யார் வெளியே உட்கார்ந்தார் என்ற குறிப்புகள், எல்லாவற்றையும் பெட்டியோடு தூக்கிக் கொடுத்தீர்கள். லீக் ஏன் விழுந்தது என்பதில் உங்கள் பேச்சைத்தான் நான் ஒப்புக்கொள்கிறேன். டொலீடோ, டேட்டன், ஃப்ளின்ட், சாகினா என்று பஸ்ஸில் போய்வரும் தொழிற்சாலை ஊர்களில் வேர்விட்ட லீக், தொண்ணூறுகளில் லாஸ் வேகாஸ், லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ என்று பரவியதும் விமானச் செலவும் சம்பளமும் ஏறிக்கொண்டே போயின. என்.எச்.எல். அணிகளோ தங்கள் இளம் ஆட்டக்காரர்களைப் பெரும்பாலும் போட்டி லீக்கான ஏ.எச்.எல். (அமெரிக்கன் ஹாக்கி லீக்) பக்கம் அனுப்பத் தொடங்கின. அத்தனை வருஷம் தாங்கிய உங்கள் கோமெட்ஸே 1999-இல் விலகிப்போனது.

1992 டிசம்பர் 13 அன்று மானோன் ரியோம், ஆண்கள் தொழில்முறை ஹாக்கி லீக்கின் வழக்கமான ஆட்டத்தில் இறங்கிய முதல் பெண்ணாக, நம் லீக்கின் அட்லாண்டா நைட்ஸுக்காகக் கோல் காத்த செய்தியை வெட்டி வைத்திருந்து அனுப்பிய சகோதரிக்கும், என்.எச்.எல். ஜாம்பவான் கோர்டி ஹோவ் 69 வயதில் நம் லீக்கின் டெட்ராய்ட் வைப்பர்ஸுக்காகப் பனியில் இறங்கியதை நேரில் பார்த்துச் சொன்ன அண்ணனுக்கும் நன்றி.

ஆர்லாண்டோவிலிருந்து நீண்ட கடிதம் எழுதிய அம்மா, அதை மூன்று முறைக்கு மேல் படித்தேன். 2001-இல் கடைசி டர்னர் கோப்பையை உங்கள் ஊர் அணியான சோலார் பேர்ஸ்தான் வென்றது, சில நாட்களில் லீக்கே மூடியது. சிகாகோ, கிராண்ட் ராபிட்ஸ், ஹூஸ்டன், மானிடோபா, மில்வாக்கி, யூட்டா என்று ஆறு அணிகள் ஏ.எச்.எல்.லுக்குப் போயின. கோப்பையைத் தூக்கிய அணிக்கு அதில் இடமில்லை. உங்கள் கடிதத்திலிருந்து இரண்டு பக்கத்தை உங்கள் அனுமதியோடு அப்படியே கடைசி அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஃபோர்ட் வேன் ஐயா, பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. படியெடுத்து முடித்துவிட்டேன், அடுத்த வாரம் நானே கொண்டுவந்து தருகிறேன்.