மேடு போட்ட மூசை

அன்புள்ள மாலா,

இங்கே எல்லோரும் நலம். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா? பத்து மாதம் எழுதாததற்குத் திட்ட வேண்டுமென்றால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. இன்னும் காரணம் கிடைக்கும்.

முதலில், சூடேற்றும்போது மாதிரி விழுங்கும் வெப்பத்தை அளக்கும் நம் டி.எஸ்.சி. கருவியின் சென்சாரைப் பலி கொடுத்தேன். உப்பை வைத்து உருக்க நீ விட்டுப்போன நிக்கல் மூசைகள் தீர்ந்திருந்தன. (சரி, சிரி. எனக்கு அது மூசைதான், உனக்குக் குரூசிபிள்.) ஃப்ளோரைடு உருகலில் அலுமினா கரையும் என்பது எனக்குத் தெரியாதா? 1886-லிருந்து அலுமினியத் தொழிலின் பிழைப்பே அதுதான். ஆனாலும் 'ஒரே ஒரு தடவைதானே' என்று அலுமினா மூசையில் வைத்தேன். திறந்தால், பால் பொங்கிய அடுப்பு மாதிரி சென்சார் முழுக்க வெள்ளை உப்பு.

புதிய சென்சார் வர மூன்று மாதம். அதற்குள் கடைசல் அண்ணனிடம் (அதே ரேடியோ, அதே பாட்டு) மறுபடி நிக்கல் மூசை கேட்டேன். சுவர் மெலிந்தால் லேசர் வெல்டிங்கில் ஓட்டை விழுகிறது. தடித்தால் மூசையே வெப்பத்தை விழுங்கி, வரைபடத்தில் உருகல் முகடு மழுங்கிப்போகிறது. விளிம்புவரை நிரப்பவும் முடியாது, உருகும்போது உப்பு விரியும். நிரப்புவது ஆர்கான் பெட்டிக்குள்தான். பொட்டாசியம் ஃப்ளோரைடு ஈரம் குடித்துவிட்டால், சூட்டில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற விஷவாயு கிளம்பும். எத்தனை மூசை குப்பைக்குப் போனது என்று கேட்காதே.

கடைசியில் ஒன்று கசியவில்லை. ஃபிளினாக் (நம் லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஃப்ளோரைடுக் கலவை) 454 டிகிரியில் சமர்த்தாக உருகியது. ஆனால் அதற்கு முன்பே, 350-ஐத் தாண்டியதும் வரைபடத்தில் ஒரு சின்ன மேடு. அடுத்த இரண்டு மாதிரிகளிலும் அதே மேடு! திடநிலையிலேயே ஏதோ புது மாற்றம் என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கருத்தரங்குக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வெறும் மூசையை மூடி ஓட்டினேன். மேடு அப்படியே நிற்கிறது.

நிக்கலின் கியூரிப் புள்ளி, மாலா. நிக்கல் தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலை, சுமார் 358 டிகிரி. கருவியில் ஒப்பிடுவதற்காக எதிர்ப்பக்கம் இருந்தது நீ மூடி வைத்துவிட்டுப் போன பழைய வெற்று மூசை. புதியவற்றைவிட 40 மில்லிகிராம் குறைவு. எடை ஒத்திருந்தால் இரண்டு மேடும் ஒன்றையொன்று அடித்துப்போயிருக்கும்.

பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை. 'வெறும் பாத்திரத்தை ஓட்டிப் பார்த்தீர்களா?' என்று முதல் வருடம் நம்மை நிற்கவைத்துக் கேட்டாரே! நீ கூசாமல் பொய் சொல்லித் தப்பினாய். எனக்கு அது வராது. திங்கட்கிழமை சொல்லிவிடுவேன்.

சுருக்கத்தைத் திரும்பப் பெறலாம், அது அவமானத்தோடு போய்விடும். என்னை அரிப்பது வேறு. நம் குளோரைடு கட்டுரைக்கும் எதிர்ப்பக்கம் வைத்தது இதே பழைய மூசைதான். அன்று எடை பார்த்துப் பொருத்தினோமா? என் நோட்டில் இல்லை. உன் பச்சை நோட்டில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்றாவது சொல்லிவிடு.

உன்
வசந்தி